குறிகட்டுவானில் இறங்கியதும்: நயினாதீவா, நெடுந்தீவா?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ்ஸைப் பிடித்தால், பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு என்று இரண்டு பக்கமும் கடல் பார்த்தபடி போய்க் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கலாம். அதற்குமேல் வீதி கிடையாது. பஸ்ஸில் ஒன்றாக வந்த சனம் அங்கே இரண்டாகப் பிரியும். வெள்ளை உடுப்பும் பூத்தட்டுமாக ஒரு கூட்டம் நயினாதீவுப் படகுக்கு. அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டருமாக மற்றது நெடுந்தீவுக்கு. கையில் ஒரே நாள், பையில் கொஞ்சக் காசு என்றால் எந்தப் பக்கம் போவது?

படகுக்காசை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டுமே ஊர்ச்சனம் அன்றாடம் போய்வருகிற படகுகள்தான், செலவு பெரிதாக வராது. வித்தியாசம் கரையில் கால் வைத்த பிறகுதான் தொடங்குகிறது.

நயினாதீவு கால் மணி, இருபது நிமிடப் பயணம். படகுகள் அடிக்கடி ஓடுவதால் ஒன்றைத் தவறவிட்டாலும் பதற்றமில்லை. குனிந்து உள்ளே இறங்கி, டீசல் மணத்துக்கும் வெக்கைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூச்சு முட்டத் தொடங்கும்போதே கரை வந்துவிடும். தீவே நாலைந்து சதுர கிலோமீட்டர்தான். நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு நேரெதிரே நிற்கிறது. அங்கிருந்து நாகதீப விகாரைக்கு நடந்தே போகலாம், ஓட்டோவே தேவையில்லை. மதியத்தில் கோயில் பக்கத்து அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று நம்புகிறவர்கள் வைத்த பெயர் அது. ஆக, சாப்பாட்டுச் செலவும் இல்லை. ஒரு குறை: போயா எனும் பௌர்ணமி நாளிலும் ஆனித் திருவிழாவிலும் போனால், தீவைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

நெடுந்தீவு வேறு கதை. ஒரு மணி நேரக் கடல். படகும் சில வேளைகளில்தான் இருக்கிறது; காலைப் படகை விட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான். நான் போன அன்று குமுதினி என்ற படகில் ஒரு மோட்டார் சைக்கிளை நாலு பேர் தூக்கி மேல்தட்டில் கயிறு போட்டுக் கட்டினார்கள். அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. "தம்பி, அதிலை சாயாதைங்கோ, சைலன்சர் சுடும்" என்றார் ஒரு அம்மா. இந்தப் படகின் பெயரைக் கேட்டாலே தீவுக்காரர் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1985 மே 15 அன்று நடுக்கடலில் இதை மறித்து, பயணம் செய்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் படகு நன்றாக ஆடும். வயிறு புரட்டுகிறவர்கள் கீழே போகாமல் காற்றுப் படுகிற இடத்தில் உட்காருவது நல்லது.

இறங்கியதும் செலவு வருகிறது. தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, உள்ளே ஆள் நுழையக்கூடிய பெருக்கு மரம், புறாக்கூடு, தெற்கே வெட்டையில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் எல்லாம் திக்குக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. நிழலும் குறைவு. நடந்தே பார்த்துவிடலாம் என்று நான் முதல்முறை கிளம்பி, பாதி வழியில் ஒரு கல்வேலி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேலிதான்! சாந்து பூசாமல் பவளக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள், இடுக்குகளில் ஓணான். அதற்குமேல் அன்று வேறொன்றும் பார்க்கவில்லை. ஓட்டோ பிடித்தே ஆக வேண்டும், தனி ஆளுக்கு அது சுடும். குடிதண்ணீரும் கொண்டுபோக வேண்டும், அங்கே கிணறுகள் பல உவர்.

அதனால் என் கணக்கு இது. தனியாக, காசை எண்ணி எண்ணி வருகிறவருக்கு நயினாதீவு. வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தாலும் அதுதான். மூன்று நாலு பேராக வந்தால் யோசிக்காமல் நெடுந்தீவு. ஓட்டோக் காசைப் பங்கு போட்டால் பெரிதாகத் தெரியாது. தனியாகப் போகிறவருக்கும் ஒரு வழி உண்டு. படகில் கமராவோடு உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பேச்சுக் கொடுத்து ஓட்டோவுக்குக் கூட்டாளி பிடித்துவிடலாம். இரண்டாம் முறை நான் அப்படித்தான் குதிரைகளைப் பார்த்தேன்.

இரண்டு தீவையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நெடுந்தீவிலிருந்து பின்னேரம் திரும்பி வரும்போது நயினாதீவுப் படகு நின்றால் ஏறலாம். யாழ்ப்பாணத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். அம்மனைப் பார்க்கலாம், ஆனால் மதியச் சோறு முடிந்திருக்கும்.