மிஷன் ராஞ்ச், கார்மெல்: மேயர் வாங்கிப் போட்ட புல்வெளியைப் பார்த்தபடி ஒரு சாப்பாடு

ஒரு வேளை சாப்பாட்டுக்காக சான் ஹோசேயிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டால், இந்த இடத்துக்குத் தாராளமாகப் போகலாம் என்பேன். ஆனால் பொழுது சாய்வதற்கு முன்னால் போய்விட வேண்டும், வெளியே மரத்தளத்தில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர், கலிஃபோர்னியாவில் கார்மெல்-பை-தி-சீ. முதலாளி, கௌபாய் படங்களில் பேர்வாங்கிய ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது கூட்டிப்போனேன். கௌபாய் படம் என்றால் அவருக்கு உயிர். நாங்கள் உட்கார்ந்த மேஜைக்கு எதிரே வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் புல்வெளியில் செம்மறி ஆடுகள், அதைத் தாண்டிச் சதுப்பு நிலம், கார்மெல் ஆறு கடலில் சேருகிற இடம், அதற்கும் அப்பால் பாயின்ட் லோபோஸ் பாறைகள். ஒரு குட்டி தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அப்பா கையில் எடுத்த முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அது குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு ஆறிப்போனது, அதைப் பற்றிக் கவலையே படவில்லை.

அந்தப் புல்வெளி இன்னும் புல்வெளியாகவே இருப்பதற்குக் காரணம் ஈஸ்ட்வுட்தான். பழைய பால்பண்ணை இது, மொத்தம் 22 ஏக்கர். 1980களில் இங்கே அடுக்கு வீடுகள் கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். 1986இல், அவர் மேயராக இருந்தபோது, தன் சொந்தப் பணத்தில் இடத்தை வாங்கி, பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு, ஹோட்டலும் 31 அறைகளுமாக நடத்திவருகிறார். நம் ஊரில் நிலத்தை வாங்கிப் போடுவது என்றால் விலை ஏறட்டும் என்றுதான். இவர் வாங்கிப் போட்டதில் இன்னும் ஆடு மேய்கிறது.

அவர் மேயரான கதையே கடைக்காரர் கதைதான். ஊருக்குள் ஹாக்ஸ் பிரத் இன் என்று ஒரு ஹோட்டலில் பங்கு வைத்திருந்தார், அதை ஒட்டி ஒரு கட்டடம் கட்ட நினைத்தபோது நகர சபை அனுமதி கொடுக்கவில்லை, வழக்கு வரைக்கும் போய் சமரசமானது. அப்புறம் 1986 ஏப்ரலில் தேர்தலில் நின்றார். 2,166 ஓட்டு அவருக்கு, அப்போதைய மேயருக்கு 799. சம்பளம் மாதம் 200 டாலர். தெருவில் கோன் ஐஸ்க்ரீம் விற்பதற்குக்கூட முட்டுக்கட்டை போட்ட ஊர் அது, இவர் வந்துதான் அதைத் தளர்த்தினார். இரண்டு வருடம் முடிந்ததும் மறுபடி நிற்கவில்லை. தன் கட்டடத்துக்காகச் சண்டை போட்டு அரசியலுக்கு வந்தவர், பதவியில் இருக்கும்போது கட்டடம் வரவேண்டிய இடத்தில் புல்லை விட்டுவைத்தார் பாருங்கள், எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

சரி, சாப்பாடு. பிரைம் ரிப் (மாட்டு விலா இறைச்சி ரோஸ்ட்) வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். விளிம்பு நன்றாக வெந்து, நடுவில் இளஞ்சிவப்பாக, கத்தி வைத்ததும் இறங்குகிற பதம். காரம் தேடுகிற நாக்குக்கான சமையல் இல்லை, உப்பும் இறைச்சியின் சாறும்தான் ருசி. இறைச்சிக்குப் பெயர்போன இடம் என்பதால் சைவக்காரர்கள் மெனுவை முன்பே பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. விலை அந்தக் கடற்கரைக்கு உரிய விலை, ஏதாவது விசேஷ நாளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டியதும் உள்ளே வந்துவிடுங்கள். பியானோ வாசிப்பவரைச் சுற்றி முன்பின் தெரியாதவர்கள் நின்றுகொண்டு பழைய பாட்டுகளைச் சேர்ந்து பாடுகிறார்கள், வரி தெரியாத அப்பாவும் தாளம் போட்டார். ஞாயிறு காலையில் ஜாஸ் இசையோடு பஃபே உண்டு, அதற்கு இன்னொரு முறை போகவேண்டும். பக்கத்திலேயே 1771இல் அங்கே வந்த கார்மெல் மிஷன் தேவாலயம் இருக்கிறது, பகலிலேயே பார்த்துவிடுங்கள். ஜூலை மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும், பனிமூட்டம் இறங்கினால் மரத்தளத்தில் உட்கார முடியாத அளவுக்குக் குளிரும்.