டொல்பின் வானில் இறுகிய அக்சிலேட்டர்: மூன்று ஆண்டு அனுபவம்

ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் வாடகைக்கு ஓடும் எனது பழைய டொயோட்டா ஹயஸ் வான், நம்மூர்ப் பேச்சில் ‘டொல்பின்’, ‘3எல்’ என்ற வகை டீசல் எஞ்சின் கொண்டது. 2022 இல் இலங்கையில் டீசல் தட்டுப்பாடு வந்தபோது அது பல வாரங்கள் வேப்பமரத்தடியில் நின்றது. மீண்டும் ஓட்டத் தொடங்கிய சில நாட்களில், காலை எடுத்த பின்பும் பெடல் முழுதாக மேலே வராமல் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மாங்குளம் சந்தியை நெருங்கும்போது அப்படி ஆனதால், கிளச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஓரத்தில் நிறுத்திய பின்பே சாவியைத் திருப்பினேன். ஓடும்போதே எஞ்சினை நிறுத்தினால், சில மிதிப்புகளிலேயே பிறேக் பெடல் மிதிக்கக் கல்லாக இறுகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் காட்டிய கராஜில், பெடலை டீசல் பம்புடன் இணைக்கும் கேபிளின் வாயில் கிரீஸை அப்பி அனுப்பினார்கள். மாரி முடியும்வரை நன்றாகத்தான் இருந்தது. பங்குனியில் முத்தையன்கட்டுப் பக்கம் கிரவல் வீதியில் ஓடியதும், அந்தக் கிரீஸ் செம்புழுதியைப் பிடித்துக் களிபோல் ஆகி, முன்பைவிட மோசமாக இறுகியது.

அதன் பின்னர் நானே பார்த்தேன். எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருப்பதால், இருக்கையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திய நிலையில், டீசல் பம்பின் நெம்புகோலில் இருந்து கேபிளைக் கழற்றினேன். நெம்புகோலைக் கையால் இழுத்து விட்டபோது ‘டக்’ என்று திரும்பியது. ஆகவே பம்பிலும் ஸ்பிரிங்கிலும் பழுதில்லை. கழற்றிய கேபிளோ இழுக்கும்போது கரகரத்தது. உள்கம்பியை உருவியதில், உறை வளையும் இடத்தில் துருவேறி, இரண்டு இழைகள் அறுந்து முள்ளம்பன்றி முள்போல் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த நிலைக்கு வந்த கேபிளுக்கு எந்த எண்ணெயும் பயன்படாது, மாற்றுவதே வழி.

புதியதைப் பூட்டும்போது பழையது சென்ற வழியிலேயே, கூரிய வளைவு இல்லாமல் கொண்டுசென்று, பெடலில் சிறிது தளர்வு விட்டேன். அடியில் கிடந்த இரட்டைக் கம்பளத்தில் ஒன்றையும் எடுத்துவிட்டேன். கிரீஸ் தொடவேயில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணியால் துடைப்பதோடு சரி. இரண்டு மாரி கடந்தும் ஒரு தடவைகூட இறுகவில்லை. இப்போது பம்பின் நெம்புகோல் அச்சடியில் டீசல் கசியத் தொடங்கியிருக்கிறது. அதன் சீலை மாற்றும் வேலையை மட்டும் பம்ப் திருத்துபவரிடமே கொடுக்கப்போகிறேன்.