ஆறு வருஷமாக அவுலோடு: ஒத்தக்கடையும் நரசிங்கமும் ஒரே ஊர் ஆன கதை

மதுரையைச் சுற்றியுள்ள மலைகள், சமணர் படுக்கைகள், கல்வெட்டுகள் பற்றிய குறிப்புகளைக் கணினியும் புரிந்துகொள்ளும்படி இணையத்தில் பதிந்துவருகிறேன். அதற்கு ஆறு வருஷமாக ஓ.டபிள்யூ.எல் என்ற ஆண்டாலஜி மொழிதான் துணை; எந்தப் பொருள் எதோடு என்ன உறவு என்று கணினிக்கு எழுதிச் சொல்லும் மொழி. பேச்சில் ‘அவுல்’. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2004-ல் முதல் பதிப்பைப் பரிந்துரைத்தது. நான் எழுதுவது 2009-ல் வந்த இரண்டாவது. கருவி, ஸ்டான்ஃபோர்டின் இலவச மென்பொருளான புரோட்டேஜே.

முதலில் மனசைப் பறித்தது அதன் ஊகிக்கும் திறன். பேச்சிப்பள்ளம் சமணர் மலையில் உள்ளது, சமணர் மலை கீழக்குயில்குடியில் உள்ளது என்று இரண்டு வரி எழுதி, ‘உள்ளது’ என்ற உறவை டிரான்சிடிவ், அதாவது சங்கிலிபோலத் தொடர்வது, என்று குறித்தேன். எழுதியதிலிருந்து ஊகிக்கும் நிரலான ரீசனரை ஓட்டியதும் பேச்சிப்பள்ளம் கீழக்குயில்குடியில் உள்ளது என்ற மூன்றாவது வரி மஞ்சள் பின்னணியில் தானே வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அடி விழுந்தது யானைமலையில். ஒரு மலைக்கு ஒரே ஊர்தான் வரவேண்டும் என்று ‘அடிவார ஊர்’ என்பதை ஃபங்ஷனல் ஆக்கியிருந்தேன். யானைமலைக்கு ஒத்தக்கடை என்றும் நரசிங்கம் என்றும் இரண்டு பதிவு ஏறிவிட்டது. பிழை காட்டும் என்று காத்திருந்தால், ஒத்தக்கடையும் நரசிங்கமும் ஒரே ஊர் என்று முடிவுகட்டிவிட்டது! பெயர் வேறானால் பொருளும் வேறு என்று அவுல் நினைப்பதில்லை. இரண்டும் வேறு வேறு என்று நாம்தான் எழுதித் தரவேண்டும். விதி என்று நாம் எழுதுவதை அது காவலாக எடுத்துக்கொள்ளாது, ஊகிக்கக் கிடைத்த ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். இது உறைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. இப்போது பதிவுகளைச் சரிபார்க்க, 2017-ல் டபிள்யூ3சி பரிந்துரைத்த ஷாக்கிள் என்ற சரிபார்ப்பு மொழியைத் தனியாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கல்வெட்டே இல்லாத மலைகள் எவை என்று கேட்டால் ரீசனர் ஒன்றையும் தராது. நாம் பதியவில்லை என்பதற்காக இல்லை என்று அது சொல்லாது. ஆரம்பத்தில் எரிச்சல்தான். ஆனால் நாளைக்கே ஏதாவது பாறை இடுக்கில் ஒரு தமிழி எழுத்து கண்ணில் படலாம் என்ற வேலையில் இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

கடையின் முகவரி, நேரம் தேடுபொறிக்குப் புரிந்தால் போதும் என்பவர்களுக்கு அவுல் வேண்டாம், தேடுபொறிகளுக்கான எளிய சொல்தொகுப்பான ஸ்கீமா.ஆர்க் போதும்.

இந்த வாரம் அரிட்டாபட்டி. ஆடு மேய்க்கும் ஐயா ஒருவர் ஒவ்வொரு குன்றாகக் கைநீட்டி, “இதுக்கு எங்க அப்பா காலத்துல வேற பேரு தம்பி, அதையும் எழுதிக்கங்க” என்றார். எழுதிக்கொண்டேன், குன்றுக்கு ஒரே அடையாளம், பெயர் எத்தனை வேண்டுமானாலும்.