ஜோடி போடுவது யார்?

2024 நவம்பர் 16, சனிக்கிழமை காலை. நகரியில் எங்கள் தெருத் தறிக்கொட்டகைத் திண்ணையில் ஒரே போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர். டெக்சாஸில் அப்போது வெள்ளி இரவு. 58 வயது மைக் டைசனும், யூடியூபில் பேர் வாங்கிய 27 வயது ஜேக் பாலும் குத்துச்சண்டையில் மோதினார்கள். ஒரு காலத்தில் சேவல் சண்டைக்கு ஜோடி பார்த்துச் சேர்த்த என் சித்தப்பா சில ரவுண்டிலேயே எழுந்துவிட்டார். "கிழட்டுச் சேவலையும் இளஞ்சேவலையும் எவன்டா ஜோடி போட்டான்?"

உலகம் முழுக்க 10.8 கோடிப் பேர் நேரலையில் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. சித்தப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அந்த எண்ணில்தான் இருக்கிறது. தொழில்முறை குத்துச்சண்டையில் யாருக்கு யார் எதிராளி என்பதை, காசு எந்த வழியாக வருகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதல் வழி இலவச டிவி. விளம்பரக்காரருக்கு வேண்டியது கூட்டம். 1978 பிப்ரவரியில் முகமது அலி சிபிஎஸ் சேனலில் லியோன் ஸ்பிங்க்ஸோடு மோதினார். ஸ்பிங்க்ஸ் அதற்கு முன் ஆடியிருந்தது வெறும் ஏழு தொழில்முறைச் சண்டைகள். அலியின் பெயருக்காகவே ஊர் உட்கார்ந்து பார்த்தது, தோற்றதோ அலி. இப்படிப்பட்ட அதிசயம் எப்போதாவதுதான் நடக்கும். அதற்கு முந்தைய ஆண்டு ஏபிசி சேனல், சண்டை அமைப்பாளர் டான் கிங்கோடு சேர்ந்து ஒரு போட்டித்தொடர் நடத்தியது. அதில் ஆடிய சிலரின் வெற்றிக் கணக்குகள் போலியாக ஊதப்பட்டிருந்தது வெளியே வந்து, தொடரே பாதியில் நின்றது. டிவியில் ஆட இடம் கிடைப்பதற்காக வீரர்களின் தரவரிசையையே வளைத்துவிட்டார்கள். 2015இல் என்பிசி சேனலில் வந்த 'பிரீமியர் பாக்சிங் சாம்பியன்ஸ்' தொடர் இன்னொரு விதம். அமைப்பாளரே காசு கொடுத்துச் சேனலின் நேரத்தை வாங்கினார். சேனல் காசு போடாத இடத்தில், "இந்த ஜோடி சரியில்லை, மாற்று" என்று சொல்ல அதற்கு என்ன உரிமை இருக்கும்?

இரண்டாவது பே-பர்-வியூ, ஒவ்வொரு சண்டைக்கும் தனிக் காசு. என் கோபமெல்லாம் இதன்மேல்தான். மேவெதர், பாக்கியாவோ என்ற இரண்டு முன்னணி வீரர்களை மோதவிடும் பேச்சு 2009இலேயே தொடங்கி, ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனைத் தகராறில் முறிந்தது. பிறகு மேவெதர் ஷோடைம் சேனலுக்குப் போனார்; பாக்கியாவோ எச்பிஓ சேனல் பக்கம். இரண்டு சேனல்களும் கைகோத்து அந்தச் சண்டை நடந்தது 2015 மே 2 அன்று. மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவோவுக்கு 36. எச்டியில் பார்க்க 99.95 டாலர், வாங்கியவர்கள் 46 லட்சம். வியாபாரமாகப் பார்த்தால் தாமதத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, லாபம்தான். ஏங்க வைத்து விற்கும் முறை இது. நடுவில் ஒரு தோல்வி வந்தால் விலை இறங்கிவிடும் என்ற பயத்தில், அதுவரை மெல்லிய எதிராளிகளாகப் பார்த்துப் போடத் தோன்றும். நமக்குக் கிடைத்தது, இருவரும் உச்சத்தைத் தாண்டியபின் ஆடிய நிதானமான பன்னிரண்டு ரவுண்டு.

என் ஓட்டு மூன்றாவதற்கு: பழைய எச்பிஓ போல மாதச் சந்தா. சந்தாதாரர் ஏற்கெனவே காசு கட்டிவிட்டார், சலித்தால் நிறுத்திவிடுவார். அதனால் சாதாரண வாரத்திலும் நல்ல ஜோடி வேண்டும். 2002 மே 18, கனெக்டிகட்டில் ஆர்டுரோ கட்டியும் மிக்கி வார்டும் எச்பிஓவில் மோதினார்கள். வார்டு ரோட்டுக்குத் தார் போடும் வேலையும் பார்த்தவர். அந்த ஒன்பதாவது ரவுண்டைச் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். விலாவில் வாங்கிய அடியில் மண்டியிட்ட ஆர்டுரோ கட்டி எழுந்து திரும்ப அடிக்கும் இடத்தில், "பின்னால தள்ளுடா" என்றார். எந்தப் பட்டத்துக்கு ஆடினார்கள் என்று கேட்டார். பட்டமே இல்லை. சமமான இரண்டு பேர், அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்துக்குள் இன்னும் இரண்டு முறை மோதினார்கள், யாரும் ஏங்க வைக்கவில்லை. ஆனால் இந்த வழியும் அடைபட்டது: எச்பிஓ 2018இலும் ஷோடைம் 2023இலும் குத்துச்சண்டையை விட்டன.

இப்போதைய ஸ்ட்ரீமிங்கும் மாதச் சந்தாதான். குணத்தில் மட்டும் இலவச டிவியைப் போலக் கூட்டத்தை எண்ணுகிறது. ஆனாலும் டைசன் வந்த அதே மேடையில், அவருக்கு முன்னால் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் ஆடினார்கள். புருவம் கிழிந்து ரத்தம் வழிய செரானோ விடாமல் முன்னேறினார்; திண்ணையில் ஒருவரும் பேசவில்லை. கூட்டத்தை இழுத்தது டைசனின் பெயர், சண்டை என்று சொல்லத்தக்கது அந்தப் பெண்கள் ஆடியது. 2025 செப்டம்பரில் அதே நெட்ஃபிளிக்ஸில், மேல் எடைப்பிரிவுக்கு ஏறி வந்த டெரன்ஸ் கிராஃபோர்ட் கனெலோ அல்வாரெஸோடு மோதினார். 4.1 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். பாதிக்கும் குறைவான கூட்டம்தான், ஆனால் ஜோடி சரியான ஜோடி. அந்த ஞாயிறு காலை சித்தப்பா கடைசி மணி அடிக்கும்வரை திண்ணையை விட்டு எழவில்லை.