ராக்கரில் ஆயில் வருது என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்: பழைய புல்லட் கிராங்க் வேலை பற்றி ஓர் எச்சரிக்கை

திருவொற்றியூர் தேரடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் 350 புல்லட் இன்ஜின் இப்போது எங்கள் பெஞ்சில் பிரித்துக் கிடக்கிறது. வேறொரு பட்டறையில் முழு வேலையும் முடிந்து வந்த வண்டி. 400 கிலோமீட்டர் கூட ஓடவில்லை, அடியில் கட்டைத் தட்டல். பில்லில் ‘கிராங்க் செட் புதுசு, 9,500 ரூபாய்’ என்று எழுதியிருக்கிறது. பிரித்தால் பிஸ்டனைச் சுழலும் கிராங்கோடு இணைக்கும் ராடு பழையது, ராடின் கீழ் முனை மாட்டியிருக்கும் உருளையான கிராங்க் பின்னும் (இனி ‘பின்’) பழையது. மாற்றியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் புஷ் என்ற வளையம் மட்டும்தான். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. என்ன செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்தால் அடுத்தவர் தப்பிக்கலாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

இந்த இன்ஜின் இங்கிலாந்தில் ரெட்டிட்ச் ஊரில் வடிவமைத்தது. 1955க்குப் பிறகு நம்ம திருவொற்றியூரிலேயே செய்தார்கள். போர் 70, ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. பழைய மாடல்களில் ராடின் கீழ் முனையான பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். துளை போட்ட அந்த வளையம் பின்மேலும் சுழலும், ராடுக்குள்ளும் சுழலும். உள்ளே ஒரு ஆயில் படலம், வெளியே ஒரு படலம். இரண்டும் இருக்கும்வரை வருஷக்கணக்கில் உழைக்கும். ரோலர் கொஞ்சம் ஆயில் பட்டினி தாங்கும், இது தாங்காது. அதனால் இந்த இன்ஜினில் கிராங்க் வேலை என்றால் பாதி வேலை ஆயில் வழியைச் சரிபார்ப்பது.

தேய்ந்த பின்மேல் புது புஷ் போட்டால் என்ன ஆகும்? பின் வட்டமாகத் தேயாது. பவர் ஸ்ட்ரோக்கில் சுமை விழும் பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்து முட்டை வடிவாகும். இந்தப் பின்னில் நகத்தால் தடவினாலே படி தெரிகிறது. புது புஷ் அதில் ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தொளதொளவென்றும்தான் உட்காரும். பின், புஷ், ராடு மூன்றும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். மைக்ரோமீட்டரில் பின்னை நாலு இடத்தில் அளந்து காட்டாமல் ‘பின் நல்லாருக்கு’ என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

இதைவிட மோசம் ஆயில் வழி. இரண்டு கனமான ஃப்ளைவீல் சக்கரங்களை நடுவில் பின் இணைப்பதுதான் கிராங்க்; ஒவ்வொரு சக்கரத்தின் வெளிப்பக்கமும் ஒரு ஷாஃப்ட். புல்லட்டில் பிக் எண்டுக்கு ஆயில் டைமிங் பக்க (கேம் பற்சக்கரங்கள் இருக்கும் பக்கம்) ஷாஃப்டின் முனை வழியாக உள்ளே போய், ஃப்ளைவீலில் துளைத்த பாதையில் ஏறி, பின்னின் துளை வழியாக வெளியே வரும். பின்னை ஏற்றும்போது அதன் துளையும் ஃப்ளைவீல் துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இங்கே பின்னைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருக்கிறார்கள். துளை பாதிக்கு மேல் மறைந்திருந்தது. மிச்ச வாயையும் பல வருஷத்துக் கறுப்புச் சகதி அடைத்திருந்தது. ஃப்ளைவீல் பாதையைக் கம்பி விட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, ஏர் அடித்தால் அரை மணி நேர வேலை. செய்யவில்லை.

தட்டல் கேட்டதும் பெரியவர் திரும்பப் போய்க் கேட்டிருக்கிறார். அங்கே இன்ஜின் தலையில் வால்வை அமுக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பைத் தளர்த்தி, "ஐயா, பாருங்க, மேல வரைக்கும் ஆயில் கொட்டுது. கிராங்க்குக்குப் போவாமலா இருக்கும்?" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு வாக்கியத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். இந்த இன்ஜினில் ராக்கருக்குப் போவது, அடியில் சம்ப்பில் சேர்ந்ததை உறிஞ்சி ரிட்டர்ன் பம்ப் தள்ளும் ஆயில். பிக் எண்டுக்குப் போவது ஃபீட் பம்ப் ஆயில். டைமிங் கவருக்குள் ஷாஃப்ட் முனையைச் சுற்றி ஒரு சின்ன கார்க் சீல் உண்டு. அது நைந்துபோனால் ஃபீட் ஆயில் கிராங்குக்குள் நுழையாமல் டைமிங் அறையிலேயே ஒழுகி, சம்ப்புக்கு இறங்கி, ரிட்டர்ன் பம்ப் வழியாக ராக்கருக்கு அழகாக வந்து சேரும். மேலே செழிப்பு, கீழே வறட்சி. இந்த இன்ஜினில் கார்க் சீல் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. அதன் விலை சில்லறைக் காசு.

அதே ஷாஃப்ட் முனையில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு இருக்கிறது. அது இடது மரை. தெரியாதவர் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். இங்கே உளி வைத்து அடித்த தழும்பு ஆறு முகத்திலும் இருக்கிறது.

சென்டர் எடுத்த, அதாவது இரு பக்க ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ளைவீலைத் தட்டி நேராக்குவது தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் காப்பர் சுத்தியால் தட்ட வேண்டும், ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு வி பிளாக் தாங்கியில் வைத்துச் சுழற்றி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜில் இரண்டு பக்க ஷாஃப்டையும் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் அந்த கிராங்கை வாங்கவே வேண்டாம். பொறுமையாகச் செய்தால் 0.02க்குக் கொண்டுவரலாம். இங்கே டைமிங் பக்கம் 0.14 இருந்தது. விளிம்பில் இரும்புச் சுத்தியின் பள்ளங்கள். பின்னின் இரு முனையிலும் பக்கத்துக்கு இரண்டு வெல்டிங் பொட்டு வேறு. ஃப்ளைவீல் துளை தொளதொளத்துப் பின் நழுவும்போதுதான் இப்படிப் பற்றவைப்பார்கள். வெல்டிங் ஆறும்போது இழுக்கும், எடுத்த சென்டர் போய்விடும். அடுத்த முறை பின்னைக் கழற்றும்போது துளை கிழியும். துளை பெருத்துவிட்டால் அந்த அளவுக்குப் பின் கிரைண்ட் செய்ய வேண்டும், இல்லையேல் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும். வேறு வழி இல்லை.

கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் கிராங்க் கேஸின் அலுமினிய வாயிலும் சுற்றிப் பஞ்ச் குத்தியிருக்கிறார்கள். பேரிங் தளர்ந்தால் புள்ளி குத்தி இறுக்குவது சில நூறு கிலோமீட்டர்கூட நிற்காது. கேஸை 100 டிகிரிக்குச் சுடவைத்தால் நல்ல வாயில் பேரிங் தானே விழுந்து உட்காரும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். ஆறிய பிறகும் கையால் சுழன்றால் அந்த வாய்க்குள் ஸ்லீவ் என்ற வளையம் போட வேண்டும்.

வேலைக்குக் கொடுக்கும் முன் இரண்டு ஃப்ளைவீலிலும் ராடிலும் உங்கள் அடையாளம் பொறித்து, போட்டோ எடுத்து வையுங்கள். பில்லில் ‘கிராங்க் செட்’ என்று மொத்தமாக எழுதவிடாதீர்கள். பின், ராடு, புஷ், பேரிங் தனித்தனியாக வர வேண்டும், பழைய பின்னும் ராடும் உங்கள் கைக்கு வர வேண்டும். கேஸ் மூடும் முன் நேரில் போய் நில்லுங்கள். டயல் கேஜ் முள்ளைப் பாருங்கள். பிறகு ஆயில் கேன் மூக்கை டைமிங் ஷாஃப்ட் துளையில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பிக் எண்டின் இரு பக்கமும் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் அந்த கிராங்க் கேஸுக்குள் போகக் கூடாது. கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள்.

வேலை இழுத்தடித்தால் இன்னொன்று. எண்ணூர்க் கடல் காற்றில், கழுவித் துடைத்து வைத்த கிராங்க் பின்மேல் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். அந்தப் புள்ளிகள் புஷ்ஷை அரம்போல் அராவும். ஆயில் பூசி பாலிதீனில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவருக்குப் பணம் திரும்பவில்லை. இரண்டு ஃப்ளைவீலும் கழிவுக்குப் போய்விட்டன. வேறு ஜோடி தேடி, புது பின், ராடு, புஷ் ஏற்றி, நேற்று சென்டர் பார்த்தபோது கிளட்ச் இருக்கும் டிரைவ் பக்கம் 0.02, டைமிங் பக்கம் 0.03. ஆயில் கேனை நாலு முறை அழுத்தியதும் பிக் எண்டில் இரு பக்கமும் கசிந்தது. கார்க் சீல் புதுசு வந்ததும் கேஸ் மூடுவோம்.