டிவியைச் சுவரில் மாட்ட ஆள் கூப்பிடப் போறீங்களா? என் 49,389 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுக் கூப்பிடுங்க

49,389 ரூபாய். ஐம்பதாயிரம் என்று முழுசாக்கிச் சொல்ல மனசு வரவில்லை. 55 இஞ்ச் டிவி 46,990, அதைச் சுவரில் மாட்டின கூலி 599, மாட்டுவதற்கென்று வாங்கின ஸ்டாண்டு 1,800. டிவி இப்போது ஹால் மூலையில் போர்வை சுற்றிக் கிடக்கிறது. சுவரில் ஸ்க்ரூ போட்ட ஓட்டைகள் இருந்த இடத்தில் பள்ளம் பள்ளமாகப் பெயர்ந்து நிற்கிறது. ஆள் கூப்பிடும் முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

நாங்கள் இருப்பது சென்னை ஓஎம்ஆர் பக்கம், புதிதாகக் கட்டின அடுக்குமாடி. டிவி ஆன்லைனில் வாங்கினது. 'இலவச இன்ஸ்டலேஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். கம்பெனிக்கு ஃபோன் போட்டால், இலவசம் என்பது பெட்டியைப் பிரித்து மேஜை மேல் வைத்து ரிமோட்டை அமுக்கிக் காட்டுவது மட்டும்தானாம். சுவரில் மாட்டுவதற்குத் தனிக் காசு, ஸ்டாண்டுக்குத் தனிக் காசு, ஆள் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் பிள்ளைகள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். அதனால் பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி சர்வீஸ் என்று எல்லாரையும் வீட்டுக்கே அனுப்புகிற ஒரு செயலியில் புக் செய்தேன். பெயர் போடவில்லை, புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. 'பயிற்சி பெற்ற நிபுணர்கள்', 'சேதம் ஏற்பட்டால் நாங்கள் பொறுப்பு' என்று பச்சை டிக் போட்டு எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவது வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த பையனைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். கம்பெனி டீ-ஷர்ட், கழுத்தில் அட்டை, செருப்பை வாசலிலேயே கழற்றினான். தூசி விழாமல் இருக்க அவனே பேப்பர் கேட்டு வாங்கிக் கீழே விரித்தான். பையிலிருந்து லேசர் லெவல் எடுத்துச் சுவரில் சிவப்புக் கோடு அடித்தான். சோபாவில் என்னை உட்கார வைத்துக் கண் மட்டம் பார்த்து, "டிவி நடு இந்த உயரத்துக்கு வரணும்க்கா, இல்லேன்னா கழுத்து வலிக்கும்" என்றான். சரியாகத்தான் சொன்னான், அதை மறுக்கவில்லை. "ஒரு நாளைக்கு ஏழெட்டு டிவி மாட்டுறேன்க்கா, ஒண்ணுகூட கம்ப்ளைன்ட் வந்ததில்ல." நம் தம்பி மாதிரி இருக்கிறானே என்று காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் காபியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எங்கப்பா நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். விழுப்புரத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். அவர் எழுந்து போய் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது செங்கல் செவுரு இல்லப்பா. லைட்வெயிட் கல்லு. ஸ்க்ரூவுக்குப் போடுற சாதா பிளக்கு நிக்காது" என்றார். அவன் சிரித்துக்கொண்டே, "ஐயா, இந்த ஏரியா முழுக்க இதே கல்லுதான். நாங்க மாட்டாததா? நீங்க உக்காருங்க" என்றான். அப்பா உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி உட்கார வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்தது ஸ்டாண்டு. டிவி பெட்டிக்குள்ளேயே சுவரோடு ஒட்டி மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்று இருந்தது. அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இதுல மாட்டினா நாளைக்கு பின்னாடி ஒரு எச்டிஎம்ஐ ஒயர் சொருகணும்னா டிவியையே கழட்டணும்க்கா. வெளிய இழுத்து, ரெண்டு பக்கமும் திருப்புற ஸ்டாண்டு என்கிட்ட இருக்கு. கடையில 2,500, உங்களுக்கு 1,800." ஜிபேயில் அனுப்பினேன், அவன் சொந்த நம்பருக்கு. பில் கேட்டதற்கு, "ஆப்லயே வந்துடும்க்கா" என்றான். வரவில்லை.

டிரில்லிங் மெஷினை, இடித்துக்கொண்டே துளைக்கிற ஹேமர் மோடில் வைத்து அடித்தான். டிரில் பிட்டு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. செங்கல் சுவர் என்றால் சிவப்புத் தூள் கொட்டும், இங்கே விரித்த பேப்பர் முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளை மாவு. சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் பிளக்கை உள்ளே தள்ளினான், இரண்டு இஞ்ச் ஸ்க்ரூவை முறுக்கினான். டிவியை மாட்டினதும் ஸ்டாண்டை மடக்கிச் சுவரோடு ஒட்ட வைத்துவிட்டு, மேலிருந்து இரண்டு கையாலும் அமுக்கிக் காட்டினான். "பாருங்க, ஆள் தொங்கினாலும் அசையாது."

பிறகு கிளம்பாமல் வாசலிலேயே நின்றான். "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க அக்கா, அப்பதான் அடுத்த வேலை வரும்." அவன் எதிரிலேயே போட்டேன்.

சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் ராத்திரி கிரிக்கெட் பார்க்க, டிவியைச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் இழுத்துத் திருப்பி வைத்திருந்தார் வீட்டுக்காரர். அதற்காகத்தானே அந்த 1,800 ரூபாய் ஸ்டாண்டு! எல்லாரும் படுத்த பிறகு, நடுராத்திரியில் சிலிண்டர் வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிவந்து லைட்டைப் போட்டால் டிவி முகம் குப்புறக் கிடக்கிறது, ஸ்டாண்டும் கூடவே. ஸ்க்ரூ ஒன்றுகூட வளையவில்லை. பிளக்கு, ஸ்க்ரூ, சுற்றியிருந்த கல் எல்லாம் மொத்தமாகக் கட்டி கட்டியாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பேனலில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை விரிசல். சாயங்காலம் என் சின்னவன் பாய் போட்டுப் படுத்து கார்ட்டூன் பார்ப்பது அதே இடத்தில்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

காலையில் அப்பா அந்தக் கட்டியைக் கையில் வைத்து நசுக்கிக் காட்டினார். பொடிந்தது. அவர் சொன்ன லைட்வெயிட் கல்லுக்கு ஏஏசி பிளாக் என்று பெயர். அது சிமென்ட், சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பலோடு கொஞ்சம் அலுமினியத் தூள் சேர்த்துப் பொங்க வைப்பது. உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. எடை, செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கட்டடத்துக்குப் பாரம் குறையும், வெக்கையும் குறைவு, அதற்காகத்தான் புது ஃபிளாட்டுகளில் இதை வைக்கிறார்கள். கல் மோசமில்லை. ஆனால் அதில் ஹேமர் வைத்து அடித்தால் ஓட்டை உள்ளே பெரிதாகி ஓரம் பொடிந்துவிடும். சாதா பிளக்கு விரிந்து பிடிக்க உள்ளே கெட்டியான இடமே இருக்காது. இரண்டு இஞ்ச் ஸ்க்ரூவில் அரை இஞ்ச்சுக்கு மேல் பட்டியும் பூச்சுமே தின்றுவிடும்.

இன்னொன்று, அவன் அமுக்கிக் காட்டினானே, அது ஒரு சோதனையே இல்லை. மடக்கி வைத்த ஸ்டாண்டைக் கீழே அமுக்கினால் பாரம் ஸ்க்ரூவைக் கீழ்நோக்கித்தான் அழுத்தும், வெளியே பிடுங்காது. அதைப் பெரும்பாலும் சுவர் தாங்கிவிடும். வெளியே இழுத்தால் கணக்கே வேறு. எங்கள் டிவி 15 கிலோ. ஸ்டாண்டின் கையை 40 செ.மீ. வெளியே நீட்டி, மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்றால், மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு 30 கிலோ. இது நெம்புகோல் பாடம், நான் பள்ளியில் நடத்துவது. ஏழெட்டு டிவி தினமும் மாட்டுகிற 'நிபுணருக்கு' இது தெரியாதாம்.

இனிமேல்தான் கூத்தே. செயலி வழியாக அவனைக் கூப்பிட்டால் போகாது, வேலை முடிந்ததும் அந்த இணைப்பையே செயலி துண்டித்துவிடுகிறது. உதவிப் பக்கத்தில் முதலில் பேசுவது இயந்திரம். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்லிவிட்டு மறுபடி முதல் கேள்விக்கே போகும். எப்படியோ ஒரு ஆள் கிடைத்தாள். 49,389 ரூபாய் போச்சு என்றேன். "மேடம், நீங்களே அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கீங்களே" என்றாள். அடுத்து ஒருத்தர்: ஸ்டாண்டுக்குக் கொடுத்த காசு செயலிக்கு வெளியே நடந்தது, அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. 'சேதத்துக்கு நாங்கள் பொறுப்பு' என்று எழுதியிருக்கிறதே என்றால், "அது வேலை நடக்கும்போது ஆகுற சேதத்துக்கு மேடம். இது சுவரோட தரப் பிரச்சனை." சுவரின் தரத்தைத்தானே எங்கப்பா தட்டிச் சொன்னார்! மேலதிகாரியைக் கேட்டால், வந்தவர் அவர்கள் ஊழியரே இல்லையாம், 'பார்ட்னராம்'. டீ-ஷர்ட் மட்டும் அவர்களுடையது. கடைசியில் பெரிய மனது வைத்து 599 ரூபாய்க்குக் கூப்பன் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். எதற்கு, இன்னொரு டிவி மாட்டவா?

டிவி கம்பெனி ஒரே வரியில் முடித்துவிட்டது. கீழே விழுந்து உடைந்தது வாரண்டியில் வராது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "பேனல் மாத்துற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புது டிவியே வாங்கிடலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, வந்து பார்த்ததற்கு 550 வாங்கிக்கொண்டு போனார். அதை நான் 49,389-இல் சேர்க்கவே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, இந்த மாதிரிச் செயலிகளில் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் மின்னஞ்சல் செயலியின் அடியாழத்தில், விதிமுறைகள் பக்கத்தில் ஒளிந்திருந்தது. அதற்கும் எழுதியாகிவிட்டது. சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது. விடப் போவதில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அவசரமாகச் சிலது மட்டும்.

சுவர் என்ன கல் என்று பில்டரிடமோ மேஸ்திரியிடமோ கேட்டு வையுங்கள். டிரில் போடும்போது பட்டியும் பூச்சும் தாண்டின பிறகும் வெள்ளை மாவு கொட்டினால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஏஏசிக்கென்றே நீளமான ஆங்கர், அதாவது உள்ளே நன்றாகப் பிடிக்கிற பிளக்கு, இருக்கிறது, ஓட்டையில் பசை ஊற்றி இறுக்குகிற கெமிக்கல் ஆங்கரும் இருக்கிறது. அது கையில் இல்லை என்றால் ஆளைத் திருப்பி அனுப்புங்கள். ஹேமர் வேண்டாம். அந்தக் கல்லில் இழுத்துத் திருப்புகிற ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம், ஒட்டி மாட்டுகிறதே போதும். வந்தவன் சொந்த நம்பருக்குக் காசு அனுப்பாதீர்கள், பில் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள். ஓட்டை, பிளக்கு, ஸ்க்ரூ எல்லாவற்றையும் மாட்டும்போதே ஃபோட்டோ எடுங்கள். ஸ்டார் கேட்டு வாசலில் நின்றால், ஒரு மாதம் கழித்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

இந்த மாதிரிச் செயலிகள் மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால், ஜிபே ரசீதை மட்டும் வைத்து ஸ்டாண்டுக் காசையும் கேட்க முடியுமா என்று சொல்லுங்கள். உடைந்த பேனலையும் பெயர்ந்த கல் கட்டியையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.