இரண்டு கட்சி ஆட்சியா, கூட்டணி ஆட்சியா: நியூசிலாந்து மாறிய கதை

2011 பொதுத்தேர்தலோடு நியூசிலாந்தில் ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. கட்சி வாங்கும் மொத்த ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் கலப்பு விகிதாசாரத் தேர்தல் முறை தொடரலாமா, வேறு முறைக்கு மாறலாமா என்று கேட்டார்கள். தொடரலாம் என்று ஏறக்குறைய 58 சதவீதம் பேர் சொன்னார்கள். அதில் என் ஓட்டும் ஒன்று. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதற்கு முன் இருந்த பழைய முறை நமக்குப் புதிதல்ல, இந்தியாவில் இன்றும் இருப்பதுதான். தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் வெற்றி. நியூசிலாந்தில் அந்த முறையில் நேஷனல், லேபர் என்ற இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. பெரும்பாலும் தேர்தல் இரவே ஆட்சி யாருடையது என்று தெரிந்துவிடும், பேரம் பேசும் வேலை இல்லை. இந்த வசதிகளை யாரும் மறுக்க முடியாது.

கணக்குதான் இடித்தது. 1978-இல் லேபருக்கு ஓட்டு கூடுதல், ஆனால் நேஷனலுக்கு 51 இடம், லேபருக்கு 40. 1981-இலும் இதே கதைதான். அந்த வருடம் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் கிடைத்தது 2 இடம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கணக்கல்ல. ஜெயித்தவர்களுக்குக் கடிவாளம் யார் கையில் என்பதுதான். நியூசிலாந்தின் மேலவையை 1950-இலேயே ஒழித்துவிட்டார்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. ஆக, ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தால் அமைச்சரவை வைத்ததுதான் சட்டம். இரண்டாவதாக வந்த ஓட்டை வைத்துக்கொண்டு ஆட்சியைப் பிடித்த நேஷனல் பிரதமர் ராபர்ட் முல்டூன், 1982-இல் நாடு முழுவதும் சம்பளத்தையும் விலைவாசியையும் ஒரே உத்தரவில் முடக்கினார். 1984-இல் வந்த லேபர், தன் ஆதரவாளர்களே எதிர்பாராத வேகத்தில் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1990-இல் நேஷனல், ஓய்வூதியத்தின் மீதான கூடுதல் வரியை நீக்குவோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி ஜெயித்தது. நீக்கவில்லை. அடுத்த வருடம் ஏழைகளுக்கான உதவித்தொகையிலும் கை வைத்தது. யாரைக் கொண்டுவந்தாலும் தடுக்க ஆளில்லை என்று மக்களுக்குப் புரிந்துவிட்டது. 1993 வாக்கெடுப்பில் புதிய முறை ஏறக்குறைய 54 சதவீதத்தோடு ஜெயித்தது, 1996-இல் நடைமுறைக்கு வந்தது.

இப்போது ஓட்டுச்சீட்டில் இரண்டு டிக் போடுகிறோம், ஒன்று கட்சிக்கு, ஒன்று தொகுதி வேட்பாளருக்கு. மொத்த இடங்களைப் பங்கு போடுவது கட்சி ஓட்டு. ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைப்பது அரிது, ஆகவே ஒவ்வொரு சட்டத்துக்கும் கூட்டாளியைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். 2019-இல் சொத்து விற்பனை லாபத்துக்கு வரி கொண்டுவர லேபர் விரும்பியது. கூட்டணியிலிருந்த நியூசிலாந்து ஃபர்ஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை, பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அதைக் கைவிட்டார். எனக்கு அந்த வரி வேண்டும் என்றுதான் இருந்தது, ஏமாற்றம்தான். ஆனாலும் எனக்குப் பிடிக்காத சட்டத்தைத் தடுக்கப்போவதும் இதே கடிவாளம்தானே?

சின்னக் கட்சி ஆட்டிவைக்கிறது என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. 2017-இல் 44 சதவீதத்துக்கு மேல் வாங்கிய நேஷனலை விட்டுவிட்டு, 7 சதவீதம் வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்டின் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் லேபரோடு போனார். ஆனால் லேபர், கிரீன்ஸ், நியூசிலாந்து ஃபர்ஸ்ட் மூன்றின் ஓட்டையும் கூட்டினால் பாதியைத் தாண்டும். 1978-இல் ஆட்சி அமைத்தவர்களுக்கு 40 சதவீதம்கூட இல்லை. 2020-இல் பாதிப் பேர் லேபருக்கே ஓட்டுப் போட்டபோது அது தனித்தே ஆண்டது.

தொகுதிக்காரர்களுக்கு எம்.பி. எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறார் என்பதில் பழைய முறை மேலாக இருந்திருக்கலாம். தொகுதிகள் 1996-இல் 99-இலிருந்து 65 ஆகக் குறைந்து பெரிதாகிவிட்டன. நான் நகரத்தில் இருப்பவன், கிராமத்துக்காரர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மாற்ற வேண்டியது ஒன்று நிச்சயம் உண்டு. கட்சி ஓட்டில் பங்கு கிடைக்க ஒரு கட்சி 5 சதவீதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தொகுதியாவது ஜெயிக்க வேண்டும் என்பது விதி. 2008-இல் 4.07 சதவீதம் வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்டுக்கு ஒரு இடமும் இல்லை. 3.65 சதவீதம் வாங்கிய ஆக்ட் கட்சி எப்சம் தொகுதியை ஜெயித்ததால் 5 இடம் பெற்றது. வரம்பை 4 சதவீதமாக்குங்கள், தொகுதிச் சலுகையை எடுங்கள் என்று தேர்தல் ஆணையம் 2012-இல் பரிந்துரைத்தது. அடுத்து வந்த அரசுகளில் யாராவது அதைச் செய்திருக்க வேண்டும்.